ஒரு விரல் பால்

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சார். உங்கள் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் என் மாட்டுப் பாலில்தான் டீ போடுகிறார்கள். ஆறினால் ஆடை கட்டும். ஆடை கட்டாத பால் என்னிடம் கிடையாது.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சாணி அள்ளுகிறேன். தங்கச்சி பள்ளிக்கூடம் போனாள்; நான் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறையாகச் சொல்லவில்லை. மாடு உதைத்து முன்பல் போனது. அதையும் குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றித் தெரு என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். பாலைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு வரக்கூடாது.

தங்கச்சிக்குப் பெண் பிறந்தது. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பாலும் கொடுத்தாள். பால் என்னுடையதுதான். சில வாரங்களில் பிள்ளையின் கன்னம் இரண்டும் தோலுரித்த மாதிரி சிவந்தது. குடித்ததையெல்லாம் பீய்ச்சியடித்தது. மலத்தில் சளியோடு ரத்தம் இழையோடியது. எந்தப் பிள்ளை கக்காமல் வளர்ந்தது என்று நான் கேட்டேன். டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார்: மாட்டுப்பாலில் இருக்கிற புரதம் இந்த உடம்புக்கு ஆகவில்லை.

ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"இந்த வகை ஒவ்வாமை ரத்தத்துல தெரியாமலும் இருக்கும்" என்றார்.

இல்லாததைக் கண்டுபிடிக்கிற படிப்பு போலிருக்கிறது. பாலை நிறுத்திப் பார்க்கவேண்டுமாம். பிள்ளைக்கு மட்டுமல்ல, பால் கொடுக்கிற தாய்க்கும் டீ, தயிர், வெண்ணெய், பிஸ்கட்டு எதுவும் கூடாதாம். சில வாரத்தில் தெளிந்தால் பால்தான் காரணம். மறுபடி கொஞ்சம் கொடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். தெளியாவிட்டால் வேறு காரணத்தைத் தேடவேண்டும். ஆட்டுப்பால் தரலாமா என்று கேட்டேன். அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி, வேண்டாம் என்றுவிட்டார்.

செய்தி தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும்? டீக்கடைக்காரன் கேனை வாங்கும்போதே சிரித்தான்.

"என்னண்ணே, உங்க மருமகளுக்கும் மாட்டுக்கும் என்ன வாய்க்கா தகராறு?"

"பால ஊத்துற வேலையப் பாருடா" என்றேன்.

கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, "கொஞ்ச நாளைக்கு எங்களுக்குப் பால் வேணாம்ணே" என்று பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அந்தக் கவிழ்ந்த பாத்திரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தெளியாவிட்டால் பால் காரணமில்லை. டாக்டரம்மா வாயால் வந்த பேச்சு. தெளியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் பங்கு.

தங்கச்சி குளிக்கப் போகும்போது பிள்ளையை என் மடியில் போடுவாள். கறந்த சூடு ஆறாத தூக்குப்பாத்திரத்தில் சுண்டுவிரலை நனைத்து வாயில் வைப்பேன். சப்புக்கொட்டும். விரலிலிருந்து பிறகு கரண்டிக்குப் போனேன். வளருகிற பிள்ளை அல்லவா.

கன்னம் ஆறவில்லை. ரத்தம் நிற்கவில்லை. எடை ஏறவில்லை. டாக்டரம்மா குழம்பினார். தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை குழம்பவில்லை; நேரே சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார்.

"திருட்டுத்தனமா டீ குடிக்கிறியா? நாக்கு அவ்வளவு கேக்குதா உனக்கு?"

"சத்தியமா இல்லீங்க."

வெறும் சோறு தின்று அவளுக்குக் கன்ன எலும்பு துருத்தியிருந்தது. என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்மா."

பொய்யில்லை, சார். அவள் ஒரு சொட்டும் தொடவில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"அப்ப பால் காரணமா இருக்காது போல" என்று டாக்டரம்மா ஒருநாள் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். மறுநாள் கரண்டியை வைத்துவிட்டுப் புட்டி நிறையக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கக்கியது. கக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் கக்கியது. கடைசியில் ஈரத்துணி போலத் தொங்கியது. உடம்பு சாம்பல் நிறம்.

பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். மாப்பிள்ளை வார்டு வாசலில் நின்றுகொண்டு தங்கச்சியை உள்ளே விடவில்லை. "பெத்தவளே வெஷம் வெக்கிறா" என்றார். அவளுக்கு மார் கட்டிக்கொண்டது, பிறகு வற்றிப்போனது. வராந்தா பெஞ்சிலேயே கிடந்தாள். இனித் தடையில்லையே, டீ வாங்கிவரட்டுமா என்று கேட்டேன்.

"பால் ஊத்தாம வாங்கிட்டு வாண்ணா" என்றாள்.

அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாமனைத் தடுக்க யாருமில்லை. தூக்குப்பாத்திரத்தோடு உள்ளே போனேன். பாலில்லாமல் அது அங்கே தேறிவிட்டால், இத்தனை நாள் பட்ட பாடு என்ன ஆவது? நான் போன நாளில் கக்கியது. போகாத நாளில் தெளிந்தது. வார்டு நர்ஸம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் பாலை நிறுத்தினார்கள், பிறகு தாயை நிறுத்தினார்கள், கடைசியாக என்னை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டதாம்.

உறுதி செய்ய ஒருமுறை மறுபடி உள்ளே விட்டார்கள். நர்ஸம்மா திரைக்குப் பின்னால் நின்றிருந்தார். விரல் வாய்க்குப் போவதற்குள் என் மணிக்கட்டை முறுக்கிவிட்டார். மாடு கறக்கிறவன் கை, சார், லேசில் முறுக்கமுடியாது. நல்ல பிடி.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன், தினமும் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போது சிரிக்கிறதாம், கன்னம் வழவழவென்று ஆகிவிட்டதாம். அந்த அளவுக்கு அந்த உடம்பைப் பழக்கிவிட்டது யார் என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. போகட்டும்.

ஒன்றே ஒன்று, சார். என் தூக்குப்பாத்திரத்தைச் சாட்சிக்கென்று அந்த அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறீர்கள். அடியில் மிச்சப் பால் கிடக்கிறது. இந்நேரம் திரிந்திருக்கும். கோர்ட்டில் மூடியைத் திறந்து எவனாவது மோந்து பார்த்தால், கெட்ட பாலைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவான். ஆளைவிட்டுக் கழுவிவைக்கச் சொல்லுங்கள். பாலுக்குக் கெட்ட பேர் வந்துவிடும்.