தாய்மாமனைத் திருடிய வழக்கு

பெயர்: சண்முகவடிவு. வயது: 36. கணவர் பெயர்: இசக்கியப்பன். தொழில்: மெஸ் நடத்துவது. முகவரி: தோப்புத் தெரு, முத்தையாபுரம், தூத்துக்குடி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, போன மாதம் வரை ஒருவரும் இல்லை, இப்போது ஒருவர் என்று சொன்னேன். அது எப்படி என்று கேட்டார்கள். கீழே சொல்கிறேன்.

நான் மேற்கண்ட முகவரியில் கணவருடனும் ஒன்றரை வயது மகள் பேச்சிச்செல்வியுடனும் குடியிருந்து வருகிறேன். வீட்டின் முன்பகுதியில் மெஸ் நடத்துகிறேன். துறைமுகத்து லாரிக்காரர்கள், உப்பள வேலைக்காரர்கள், இந்தக் காவல் நிலையத்தார் எல்லோரும் என்னிடம் சாப்பிட்டவர்கள்தான். இதை எழுதும் உதவி ஆய்வாளர் பிளாரன்ஸ் அம்மாவும் என் மொச்சைக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்தான், அவர் மறுக்கட்டும் பார்ப்போம். சென்ற ஒரு வருடமாகத் துறைமுகச் சாலையில் இருக்கும் தனியார் ஆய்வு மையத்துக்கு மதியச் சாப்பாடு கொடுத்து வருகிறேன்.

அந்த மையத்தில்தான் மேலே சொன்ன அந்த ஒருவர் இருந்தார். கொற்கைப் பக்கம் தோண்டியபோது ஒரு தாழி கிடைத்ததும், அதிலிருந்த எலும்பை வைத்து விஞ்ஞானிகள் அவரை மறுபடி உயிரோடு கொண்டுவந்ததும் டிவியில் வந்து ஊருக்கே தெரியும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு கொற்கையை ஆண்டவர், பெயர் நெடுந்துறை மாறன். எப்படிக் கொண்டுவந்தார்கள், பழைய ஞாபகம் எப்படித் திரும்பியது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் என்ன சாப்பிடுவார் என்பதுதான் எனக்குத் தெரியும். முதலில் மிளகாய் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் காலத்தில் மிளகாயே கிடையாதாம். அவருக்கு மட்டும் மிளகு போட்டுத் தனியாகச் செய்து அனுப்பினேன். பிறகு அவரே மிளகாய்க் குழம்பு கேட்டு வாங்கி, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். ஆள் குட்டை, நல்ல கருப்பு, மீசை பெரிது, பார்வைக்கு முப்பது வயது இருக்கும். அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்களோடு பேசிப் பேசி நம் ஊர்ப் பேச்சு அவர் வாயில் படிந்துவிட்டது.

போன மாதம் ஒரு நாள் அவருக்கு அனுப்பிய சாப்பாடு தொடாமல் திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாள் அவருக்குப் பிடித்த சாளை மீன் குழம்பு வைத்து அனுப்பினேன், அதுவும் அப்படியே வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கைச் சாப்பாட்டை இதுவரை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. அதன் பிறகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானே உள்ளே போனேன்.

அறை வாசலில், அவரோடு பேசிப் பழகுவதற்காக மையத்தில் வைத்திருக்கும் தமிழ் டீச்சர் ஜெபகனி அழுதுகொண்டு நின்றார். அந்தக் காலத்து ராஜாக்கள் மானம் போய்விட்டது என்று நினைத்தால் வடக்குப் பார்த்து உட்கார்ந்து, அன்னம் தண்ணீர் விட்டு உயிரை விடுவார்களாம். இவரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார். திங்கட்கிழமை கையைக் கட்டி, மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றப் போவதாக மைய இயக்குநர் டாக்டர் கிளைட்டன் சொல்லியிருப்பதாகவும், அப்படிச் செய்தால் ஆள் அந்த அவமானத்திலேயே போய்விடுவார் என்றும் ஜெபகனி டீச்சர் சொன்னார். நான் உள்ளே போய், "குழம்புல என்ன குத்தம் கண்டீரு?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"குழம்புல ஒரு குத்தமும் இல்ல தாயி. எனக்கு நாடு இல்ல, படை இல்ல, போட்டும். ராசான்னா நாலு பேரு வாசல்ல வந்து கேக்கணும், அவன் குடுக்கணும். இங்கன வாரவிய எல்லாம் ரத்தம், முடி, நகம்னு எடுத்துட்டுல்லா போறாவ. ஒருத்தரும் கேக்கல்ல. பொறவு எதுக்கு நான் திங்கணும்?"

அப்போது அவரைக் காப்பாற்றும் யோசனை எதுவும் எனக்கு இல்லை, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு என் கவலை. எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெரியம்மா மக்கள் இரண்டு பேர் அண்ணன் முறையில் உண்டு, ஆனால் ஒரு கிணற்றுத் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. என் மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, கணவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் எல்லோரும் அவள் காதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. "கேட்டு ஒருத்தரும் வரலையா? நான் கேக்கேன். எம்பிள்ளைக்கு காது குத்த ஒரு மடி இல்ல. குடுப்பீரா, மாட்டீரா?" என்று கேட்டேன்.

அவர் மெள்ளத் திரும்பி உட்கார்ந்து, தாய்மாமன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மடியில் வைக்க வேண்டும், புதுத்துணி எடுக்க வேண்டும், கம்மல் போட வேண்டும், பெரியவள் ஆனால் முதல் சேலை, கல்யாணத்துக்கு மாலை, பிறகு அவள் பிள்ளை பெற்றாலும் வந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். "அம்புட்டு நாளுமா?" என்று கேட்டார். அம்புட்டு நாளும்தான் என்று சொன்னேன். "அப்பம் தெம்பு வேணும்லா" என்று சொல்லிக் கையை நீட்டினார். நான் சாப்பாட்டு வேனில் இருந்த பழைய சோற்று நீத்தண்ணியை உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். ஜெபகனி டீச்சர் மறுபடி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வந்ததை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வயதில் நான்தான் மூத்தவளாகத் தெரிவேன், ஆனாலும் பிறந்த வருடப்படி அவரே மூத்தவர் என்பதால் அன்று முதல் அவரை அண்ணன் என்று கூப்பிட்டு வருகிறேன்.

அதன் பிறகு டாக்டர் கிளைட்டனை நேரில் பார்த்து, அண்ணனை ஒரே ஒரு நாள் காதுகுத்துக்கு அனுப்பும்படி கேட்டேன். ஆய்வுப் பொருளை வளாகத்துக்கு வெளியே அனுப்ப விதி இல்லை என்று சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, விதி அவர் கண்ணை மறைத்துவிட்டது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "குடுத்த சொல்ல காக்க முடியலன்னா மறுபடி வடக்கதான்" என்று சொன்னார். அதன் பிறகுதான் நான் தீர்மானம் செய்தேன். இதில் ஜெபகனி டீச்சருக்கோ என் கணவருக்கோ பங்கு இல்லை. கணவர் வேன் ஓட்டினார், அது நான் சொன்னதற்காக.

நேற்று மதியம் சாப்பாடு கொடுத்து முடித்ததும், அண்ணன் என் கணவரின் கைலியைக் கட்டிக்கொண்டு, காலி சாம்பார் குண்டானைத் தலையில் வைத்து என் பின்னால் நடந்து வந்தார். வாசலில் காவலாளி பிரைட்டன், "யாருக்கா, புது ஆளா?" என்று கேட்டான். "எங்கண்ணன்" என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை.

சாத்தான்குளம் போகிற வழியில் கொற்கையில் நிறுத்தச் சொன்னார். அவர் காலத்தில் அங்கே கடலும் கப்பலும் முத்துக் குளிக்கிறவர்களும் இருந்தார்களாம். இப்போது வாழைத் தோட்டம். வரப்பில் நின்று பார்த்துவிட்டு என் கணவரிடம், "கடல எங்கவே கொண்டு போனீய?" என்று கேட்டார். கணவர் பதறிப்போய், "நாங்க ஒண்ணும் பண்ணலிய, நாங்க வரும்போதே இப்படித்தான் கெடந்துச்சு" என்று சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்று காலை சாத்தான்குளம் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலில் காதுகுத்து நடந்தது. அண்ணன் வேட்டி முந்தியை அவிழ்த்து இரண்டு முத்துகளை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். மையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவை, தாழியில் அவரோடு வைத்துப் புதைத்தவை. ஆசாரி அவற்றைப் பொன் கம்பியில் கோத்துக் கொடுத்தார். ஊசி ஏறியபோது என் மகள் ஒரே ஒரு கத்துக் கத்தி அண்ணன் மீசையைப் பிடித்து இழுத்தாள். அதன் பிறகு அவள் வாழைப்பழம் தின்னத் தொடங்கிவிட்டாள், அண்ணன்தான் அழுதுகொண்டிருந்தார். என் கணவரின் அண்ணாச்சி, "ஏலே, ராசாவுக்கும் சேத்து ஒரு பழம் குடுங்கலே" என்று கேலி செய்தார். அதன் பிறகு பந்தி நடக்கும்போது நிலையத்தார் வந்தார்கள். அண்ணன்தான் அவர்களை முதலில் உட்காரச் சொன்னார். இரண்டு காவலர்கள் சாப்பிட்டார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

மையத்தார் கொடுத்த புகாரில் "ஆய்வுப் பொருள் ஒன்று, பழங்கால முத்து இரண்டு, திருட்டு" என்று எழுதியிருப்பதாக என்னிடம் படித்துக் காட்டினார்கள். முத்து யாருடையதோ அவர் கையால் அவரே எடுத்தது. அது இப்போது என் மகள் காதில் கிடக்கிறது, புண் ஆறும்வரை கழற்ற முடியாது, ஆறின பிறகும் கழற்ற மாட்டேன். பிளாரன்ஸ் அம்மா என் நன்மைக்காக ஒன்று சொன்னார். திருட்டு என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் இன்றே வீட்டுக்குப் போக வழி உண்டு, ஆள் கடத்தல் என்றால் பெரிய வழக்கு, கைப்பிள்ளைக்காரி ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் என்றார். அண்ணன் வெளியே பெஞ்சில் என் மகளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இங்கிருந்து எனக்குத் தெரிகிறது. எனக்கு ஜெயிலை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் என்று திரும்பிப் போனால் அவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்காருவார், இந்தத் தடவை நான் போய்க் கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

ஆகவே நான் எதையும் திருடவில்லை. மையத்தாரைக் கேட்காமல் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதை ஆள் கடத்தல் என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். குழம்பு விஷயம் உட்பட அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) இ. சண்முகவடிவு

குறிப்பு: புகார் விவரத்தில் "பொருள் ஒன்று" என்று இருந்ததை அடித்து "ஆள் ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன். திருத்தம் என்னுடையது.

(ஒப்பம்) பிளாரன்ஸ், உதவி ஆய்வாளர்