காது உடைந்தவன்

எங்கள் ஊரில் முடிவெட்டுவது கொஞ்சம் கஷ்டமான தொழில், ஐயா. தலைகள் சாதாரணத் தலைகள்தான், காதுகள்தான் தொல்லை. மல்யுத்த மெத்தையில் உரசி, எதிராளியின் முழங்கையில் நசுங்கி, உள்ளே ரத்தம் கட்டி, அது அப்படியே இறுகி, முட்டைக்கோசு மாதிரி மடங்கிப்போன காதுகள். அவற்றைச் சுற்றிக் கத்தரியை ஓட்ட ஹொஜ்ஜத் படும் பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அவனுக்கு நிம்மதி. "நுஸ்ரத் அண்ணே, உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்பான். மரியாதையாகத்தான் சொல்வான். காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார்.

நீங்கள் தெஹ்ரானிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று வெளியே காவலர் சொன்னார். உள்ளே வந்ததும் உங்கள் காதைத்தான் பார்த்தேன், மன்னிக்க வேண்டும். பழக்கம் அப்படி. நல்ல காதுகள். தெஹ்ரானில் அது போதும்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். மல்யுத்தக் கூடத்துக்கு நீங்கள் சீல் வைத்துவிட்டீர்கள். பயிற்சியாளர் மன்சூரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் ஸாரி நகரத்தில் தேசிய இளையோர் அணிக்கான தேர்வு. எங்கள் ஊர்ப் பையன்கள் மெத்தை இல்லாமல் மழையில் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் மகன் மஹ்யாருக்கு நேர்ந்ததற்கும் மன்சூருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் கூடத்தைத் திறந்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறேன்.

ஆனால் காது என்றால் எங்களுக்கு என்ன என்பது உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும். இந்தப் பக்கம் ஒருவனைக் 'காது உடைந்தவன்' என்று சொன்னால் அது பட்டம். பெண் கேட்டுப் போன இடத்தில் பையன் காது உடைந்தவன் என்றால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தகராறு நடக்கிற இடத்தில் காது உடைந்தவர் ஒருவர் எழுந்து நின்றால் போதும், குரல்கள் தானாக இறங்கும். நான் சின்ன வயதில் மூன்று போட்டிப் பருவம் மெத்தையில் இறங்கியவன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தேன். என் அப்பா கையைப் பிடித்து அரிசி ஆலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். காது வழவழவென்று நின்றுவிட்டது. அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை.

மஹ்யாருக்குப் பதினைந்து வயது. ஒரே பிள்ளை. அவனைப் பற்றி நான் பெருமையாகப் பேசினால் தகப்பன் பேச்சு என்று நினைப்பீர்கள், அதனால் மன்சூர் சொன்னதையே சொல்கிறேன்: இந்த மாகாணத்தில் இத்தனை வேகமாக ஒரு பையன் காலுக்குள் புகுந்து அவர் பார்த்ததில்லையாம். எதிராளி கை நீட்டுவதற்குள் இவன் அவன் காலைத் தூக்கியிருப்பான். தலையை யாரிடமும் கொடுக்கவே மாட்டான். இந்தப் பருவம் முழுக்க நான் கூடவே போனேன். அறுவடை முடிந்து ஆலைக்கு நெல் குவிகிற நேரம். தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என் நீல நிசான் வண்டியில் ஆமோல், பாபோல், காயெம்ஷஹர் என்று வாரம் தவறாமல் கிளம்பிவிடுவோம். வண்டியில் அவன் எடை பார்த்து ஒரு பேரீச்சம்பழம் சாப்பிடுவான். நானும் ஒன்றுதான் சாப்பிடுவேன். எல்லாக் குஸ்தியையும் கைபேசியில் படம் பிடித்திருக்கிறேன். மாகாண இறுதிப் போட்டி வரை எல்லாவற்றிலும் ஜெயித்தான்.

அதுதான் சிக்கல். தலையைக் கொடுக்காமல் ஜெயிக்கிறவனுக்குக் காது எப்படி உடையும்? பருவம் பாதி தாண்டியும் அவன் காது பிறந்த குழந்தையின் காது மாதிரியே இருந்தது.

ஒரு நாள் ரொட்டி வரிசையில் நிற்கிறோம், நானும் அவனும். ரொட்டிக்கடை பர்விஸின் மகன் இல்யாஸும் அதே எடைப் பிரிவுதான். அவனுக்குப் பதின்மூன்று வயதிலேயே இரண்டு காதும் மடங்கிவிட்டன. பர்விஸ் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"நுஸ்ரத் அண்ணே, அந்தக் காதுக்கு ஒரு ஜோடி கம்மல் எடுத்துப் போடுங்க. பாக்க லட்சணமா இருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் கெட்டவன் இல்லை, வாய் அப்படி. எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. மஹ்யாரும் சேர்ந்து சிரித்தான், ஐயா. காது மடலைப் பிடித்து ஆட்டிக் காட்டி, "தங்கமா வெள்ளியா மாமா?" என்று கேட்டு, இன்னொரு சிரிப்பை வாங்கினான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அந்தச் சூடான ரொட்டியைத் தூக்கி வாய்க்காலில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை.

மாகாண இறுதிப் போட்டியில் இல்யாஸும் இவனும் மோதினார்கள். கடைசி நிமிடம் வரை இவன்தான் முன்னிலை. அப்போது இல்யாஸ் எப்படியோ இவன் தலையைக் கைக்குள் வாங்கிவிட்டான். வாங்கி இறுக்கி அப்படியே சாய்த்தான். ஒரு புள்ளியில் போய்விட்டது. முதல் இரண்டு பேரும் தேசியத் தேர்வுக்குப் போகலாம் என்பதால் வாய்ப்பு ஒன்றும் கெடவில்லை. ஆனால் அங்கேயும் இல்யாஸ்தானே எதிரே வருவான்.

அந்தப் படத்தை நான் ஆலையில் உட்கார்ந்து போட்டுப் போட்டுப் பார்த்தேன். தலை சிக்கிய நொடியில் மஹ்யாரின் வலது கை எங்கே போகிறது என்று பார்த்தேன். காதுக்குப் போகிறது. மல்யுத்தம் நடக்கிறது, புள்ளி போகிறது, இவன் காதைக் காப்பாற்றப் பார்க்கிறான். மன்சூரிடம் காட்டினேன். கை காதுக்குப் போகவில்லை, இல்யாஸின் முழங்கையை நெம்பத்தான் போகிறது, சரியான முறைதான், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றார். அவர் நல்ல மனிதர், பையன்களை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் நான் தகப்பன். எனக்குத் தெரியும் அது எங்கே போனது என்று.

உடைந்துவிட்டால் அப்புறம் காப்பாற்ற என்ன இருக்கிறது? அவ்வளவுதான் என் யோசனை. யாரும் எதிர்க்க முடியாத யோசனை. மன்சூரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், சில ஊர்களில் பையன்கள் தாங்களே காதை உடைத்துக்கொள்கிறார்களாமே என்று. அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே, "காது உடையணும் நுஸ்ரத், உடைக்கக் கூடாது" என்றார். நான் ஆலைக்காரன். இந்த இலக்கணம் எல்லாம் எனக்கு எதற்கு? உடைந்த பிறகு ஹொஜ்ஜத்தின் கத்தரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மஹ்யாரிடமும் கேட்டேன். கேட்காமல் செய்ததாக நினைக்காதீர்கள். "உடைஞ்சா இயர்போன் காதுல நிக்காதுப்பா" என்றான். நான் காத்திருந்தேன், வேறு ஏதாவது காரணம் சொல்வான் என்று. சொல்லவில்லை. பாட்டுக் கேட்பதற்காகக் காதை வைத்திருக்கிறானாம்.

ஆலையில் ஒரு மரச்சுத்தி உண்டு. நெல் கொட்டும் தொட்டியில் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் தட்டி இறக்குவோம். அதில் துண்டைச் சுற்றி முதலில் என் காதிலேயே தட்டிப் பார்த்தேன். எதையும் சோதிக்காமல் பிள்ளையிடம் கொண்டுபோகிறவன் இல்லை நான். ஒரு தட்டுத்தான் தட்டினேன். வலி தாடை வரைக்கும் இறங்கியது. நிறுத்திவிட்டேன். என் வயதில் காது உடைந்து யாருக்கு என்ன லாபம்?

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஷஹ்லா, என் மனைவி, தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மீனும் சோறும் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். காலைப் பயிற்சி முடிந்து வந்தவன் நன்றாகச் சாப்பிட்டான். புதினா போட்ட மோரில் அவளுடைய தூக்க மாத்திரை ஒன்றைப் பாதியாக உடைத்துக் கரைத்துக் கொடுத்தேன். முழுசாகப் போட மனம் வரவில்லை, வளர்கிற பையன். இப்போது யோசித்தால் எல்லாம் கெட்டது அந்தப் பாதியால்தான். எனக்கு எப்போதும் இந்த இளகிய மனசு ஒரு கேடு.

வெளியே மழை. முன்னறையில் கம்பளத்தில் ஒருக்களித்துத் தூங்கிப்போனான். வலது காது மேலே இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, காதுக்கு அடியில் மடித்த துணி வைத்து, செய்ய வேண்டியதைச் செய்தேன். அது கச்சிதமாக அமைந்தது, ஐயா. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உள்ளே மட்டும் கட்டிக்கொண்டு மெதுவாக வீங்கியது. ஒரு மாதத்தில் அது மன்சூரே பாராட்டுகிற காதாக ஆகியிருக்கும்.

இடது காதில்தான் கை தவறியது. சுத்தி பின்பக்கம் எலும்பில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சியின்போது அடிபட்டது என்று சொன்னேன். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். மன்சூரை உள்ளே வைப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மஹ்யாரும் அதையே சொன்னான் என்று கேள்விப்பட்டேன். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். காகிதத்தில் படம் வரைந்து காட்டினாள். காதுக்கு உள்ளே, எலும்புக்குள், மனிதனை நிமிர்ந்து நிற்க வைக்கிற ஒன்று இருக்கிறதாம். அதுதான் போய்விட்டதாம். அந்தப் பக்கம் இனி கேட்காது. நடக்கும்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான், கொஞ்சம் தேறலாம், முழுக்கத் தேறாது என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. காதைப் பற்றி இத்தனை பேசுகிற ஊர் இது. பிறந்ததிலிருந்து காதைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன் நான். உள்ளே அப்படி ஒன்று இருக்கிறது என்று ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. வெளியே மடங்கியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம். சொல்லியிருந்தால் கொஞ்சம் முன்னால் தள்ளித் தட்டியிருப்பேன்.

ஷஹ்லா துண்டையும் சுத்தியையும் பார்த்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. மஹ்யார் என் மீது கோபப்படவில்லை. நான் அறைக்குள் போனால் கண்ணை மூடிக்கொள்கிறான், அவ்வளவுதான். களைப்பாக இருக்கும்.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. அவன் தூக்கத்தில் அசைந்ததால் கை தவறியதாக நீங்கள் எழுதுகிறீர்கள். அப்படி இல்லை. வலது காதிலேயே அவன் விழித்துவிட்டான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், என் கையிலிருந்ததைப் பார்த்தான். கத்துவான், எழுந்து ஓடுவான் என்று நினைத்தேன். அவன் வேகத்துக்கு நான் பிடித்திருக்கவே முடியாது. ஓடவில்லை. நான் சொன்னேன், "ஒண்ணுமில்லப்பா. ஒரு பக்கம் முடிஞ்சுது. இன்னொண்ணுதான்."

வீங்கிய காதைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம், "இதோட விட்டுடுவீங்களா அப்பா?" என்று கேட்டான்.

பயிற்சியில் இன்னும் எத்தனை சுற்று என்று கேட்பான் இல்லையா, அந்த மாதிரிதான் கேட்டான். ஷஹ்லாவிடம் சொன்னால் வேறு என்னவோ அர்த்தம் சொல்வாள். விட்டுடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அழவில்லை, காது உடைந்தவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். என் கை தவறியதே அதனால்தான், பெருமையில். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவனைத் தொட்டுத் திருப்பவில்லை. அவனாகத்தான் திரும்பிப் படுத்தான்.