சாம்பல் சீட்டு கட்டிய கேபிள்

மார்ச் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, என் மேசையைச் சர்வர் அறைக்குள் தள்ளினார்கள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் குறுஞ்செய்திகளுக்குப் பிழை திருத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு அந்த இரைச்சலும் குளிரும் போதும் என்று முடிவுசெய்தவர் மையத்தின் கணினிப் பொறியாளர்; என் மருமகனும் அவரே. "மாமா சும்மாதானே உக்காந்திருக்காரு, எங்க உக்காந்தா என்ன?" என்றார். ஊழியர்கள் சிரித்தார்கள்.

அவ்வறையில் சும்மா இருந்தது இன்னொன்றும் உண்டு. அழைப்புகளை வரிசைப்படுத்தி ஊழியர்களின் திரைக்கு அனுப்பும் பழைய சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றுக்கு வேலையே இல்லை. கார்டுக்குச் செய்தி வந்தால் அது சர்வரைக் கூப்பிடும், சர்வர் கைவேலையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும், அதற்கு இன்டரப்ட் என்று பெயர் என மருமகனே விளக்கியிருந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் ஓயாமல் "சார், சார்" என்றால் பாடம் என்னவாகும் என்பதை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மூலையில் கிடந்த கணினியை அந்தக் கார்டோடு இணைத்து, இடைவிடாமல் செய்தி அனுப்ப வைத்தேன். செய்முறையையும் மருமகனிடமே கேட்டுக்கொண்டேன்; பிறர் ஐயம் கேட்பது அவருக்குப் பிடிக்கும். மையத்தில் ஒரு வழக்கம் உண்டு: சாம்பல் நிறச் சீட்டு கட்டிய கேபிள் பயன்பாட்டில் இல்லாதது, அதை எவரும் தொடமாட்டார். என் கேபிளிலும் அத்தகைய சீட்டொன்றை அழகாக முடிச்சிட்டேன். அன்று மாடிப்படிகளில் துள்ளித்தான் இறங்கினேன்.

"மாமா, சும்மா கெடக்குற கார்டுலேர்ந்து இன்டரப்ட் கொட்டுது. பேய் கீய் புடிச்சிருக்குமோ?"

"பேய்க்கு இன்டர்நெட் எதுக்கு மாப்பிள்ளை? நல்லாப் பாருங்க."

மருமகன் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினார். இயங்குதளத்தையே மீண்டும் நிறுவினார். "கேபிளைப் பாத்தீங்களா சார்?" என்றார் அவருடைய உதவியாளர். "சாம்பல் சீட்டுய்யா, அதுல என்னத்தப் பாக்கறது?" நான் தாளால் வாயை மறைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அழைப்புகள் திரைக்கு வரத் தாமதமாயின. "தெரியல மாமா, நீங்க சொல்லுங்க" என்று அவர் ஒருமுறை கேட்டிருந்தால் கேபிளை உருவியிருப்பேன். இது நியாயமான எதிர்பார்ப்பு.

ஒரு மாலை அவருடைய தாயார், என் சம்பந்தியம்மாள், என் கைப்பேசிக்கு அழைத்தார். "சம்பந்தி, மூச்சு முட்டுது. ஆம்புலன்சுக்குச் சொல்லி ரொம்ப நேரமாச்சு, வரலியே. பையனும் போன எடுக்க மாட்டேங்கறான்."

"அவரு வேலையா இருக்காரு. வந்துடும், பதறாதீங்க."

கேபிள் என் கால்மாட்டில் இருந்தது. ஆனால் மருமகன் அப்போதுதான் என் மேசையருகே வந்து, நெற்றியைத் தேய்த்தபடி நின்றார். கேட்கப்போகிறார் என்று தோன்றியது. ஒரு குழந்தையைப் போலக் காத்திருந்தேன். அவர் கேட்காமலே திரும்பிவிட்டார். வண்டி போய்ச் சேர்ந்தபோது, விரைவதற்குக் காரணம் எதுவும் மீதமில்லை.

தம் கவனக்குறைவே தாயைக் கொன்றது என்று மருமகன் காண்போரிடமெல்லாம் சொல்லி அழுகிறார். அது தவறான விடை. திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கொன்றவன் நான். இதைப் படிக்கும் நீங்கள் எனக்கொன்று செய்ய வேண்டும். "பாவம், வயசானவரு, தெரியாம செஞ்சுட்டாரு" என்று எவரேனும் இரக்கப்பட்டால், அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது, அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.