கொட்டான் ஞாயிறு

எல்லாரும் வந்து உக்காந்தாச்சா? அந்தப் பிள்ளையளைக் கொஞ்சம் முன்னால விடுங்க. சரி, கேளுங்க.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, தேரிக்காட்டு ஓரமா, தருவைவிளைன்னு ஒரு ஊர். நம்ம ஊர்தான். சுத்திச் செம்மணலு, மணல் பூராப் பனைமரம். அந்தத் தருவைவிளையில எப்சிபான்னு ஒரு பொம்பள இருந்தாளாம். பனையேறி சற்குணத்தோட பெஞ்சாதி. அவரு ஏறுவாராம், இவ காய்ச்சுவாளாம். அவரு பதனி இறக்குவாராம், இவ கருப்பட்டி ஊத்துவாளாம். ஒரே ஒரு பொம்பளப்பிள்ள, ஆறு வயசு, பேரு தெர்சா.

ஊர்ல எல்லாம் இருந்துச்சு, குடிக்கத் தண்ணிதான் இல்ல. இருந்த ஒரே கிணறு மூணு வருசமா மழை தவறி உப்பாப் போச்சு. நல்ல தண்ணிக்கு மூணு மைல் தேரியில நடக்கணும். அந்த மணல் எப்படிக் கொதிக்கும் தெரியுமா? போறவுக கையில ஒரு கொத்து இலையை ஒடிச்சு வச்சுக்கிடுவாகளாம். கால் பொசுங்கும்போது இலையை மணல்ல போட்டு, அதுமேல ஏறி நின்னு மூச்சு வாங்கிட்டு, மறுபடி எடுத்துக்கிட்டு நடப்பாகளாம். தெர்சாவும் ஒரு சின்னக் குடத்தோட அம்மா பின்னாலயே நடக்குமாம். வீட்டுக்கு வந்து எப்சிபா அந்தப் பிள்ளை உள்ளங்காலைப் பாப்பாளாம். பாத்துட்டு எண்ணெய் தடவி விடுவாளாம்.

இப்படி இருக்கையில ஒருநாள் உபதேசியார் ஓட்டமா வந்தாராம். ஞானாபரணம் உபதேசியார், நம்ம கோயில்ல ஜெபம் நடத்துனவரு. நல்ல மனுசன், கொஞ்சம் பயந்தவரு. மணி அடிச்சு ஊரைக் கூட்டிட்டாரு.

"சீமையில இருந்து ஒரு தொரை வாராரு. நாளை மறுநாள். படம் பிடிச்சுக்கிட்டுப் போய் அங்க கோயில் கோயிலாக் காட்டுவாரு. பாத்தவுக மனசு இரங்குனா நமக்குக் கிணறு வெட்டக் காசு வரும்."

"ஸ்தோத்திரம்!" ஊரே சொல்லிச்சாம்.

"ஆனா ஒண்ணு. யாரும் தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது. கிழிஞ்ச துணிதான் உடுத்தணும். பிள்ளையளுக்குச் சட்டை வேண்டாம். சிரிக்கவே கூடாது. பக்கத்து ஊர்ல பளிச்சுன்னு நின்னுருக்காவ. இவுகளுக்கு என்ன குறைன்னு தொரை அப்படியே வண்டியேறிட்டாராம்."

எல்லாரும் தலையை ஆட்டிட்டு வீட்டுக்குப் போனா, ஊர்ல கிழிசலுக்குப் பஞ்சம்! சிரிக்காதிய, நெசந்தான். பனையேறி வீட்டுல துணி பழசானா பதனி வடிகட்டப் போயிரும். கிழிஞ்சது எங்க இருக்கும்? வீடு வீடா இரவல் கேட்டு அலைஞ்சாகளாம். "மைனி, கிழிஞ்ச சேலை இருக்கா?" "எனக்கே இல்லட்டி!" வேதக்கண்ணுன்னு ஒருத்தர், நல்ல தொந்தி. அவரு என்ன செஞ்சாரு? போன கிறிஸ்மஸுக்கு எடுத்த சட்டையைத் தானே கிழிச்சாராம். அவரு பெஞ்சாதி ரூத்தம்மா அழுதுட்டா. "சட்டை கிழிஞ்சிரும். தொந்தியை எங்கவே கொண்டு ஒளிப்பீரு?"

எப்சிபா மட்டும் ஒரு கிழிசலும் தேடலையாம். சற்குணம் கேட்டாராம்.

"நீ என்ன உடுத்தப் போற?"

"கல்யாணச் சேலை."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? கிணறு வேண்டாமா?"

"வேணும். ஞாயித்துக்கிழமைதோறும் முழங்கால் போட்டு 'எங்க பிதாவே'ங்கியோம். அந்தத் தொரையும் அவரு ஊர்ல அப்படித்தான கூப்பிடுவாரு? அப்ப அவரு எனக்கு அண்ணன் முறை. கூடப்பிறந்தவன் முதமுத வீட்டுக்கு வரும்போது தலைவிரி கோலமாவா நிப்பாவ?"

சற்குணம் என்ன செஞ்சாரு? மறுநாள் வழக்கத்தை விட ரெண்டு மரம் கூட ஏறுனாராம்.

தொரை வந்துட்டாரு. ஜீப்புல புழுதி கிளப்பிக்கிட்டு வந்தாரு. முகம் சிவந்து, சட்டையெல்லாம் வேர்வை. ஊரு கோயில் முன்னால வரிசையா நிக்கி. ஒட்டுக் கிழிசலும் இரவல் கிழிசலுமா. வேதக்கண்ணு வயித்தை எக்கிக்கிட்டு நிக்காரு. உபதேசியார் பிள்ளையளைப் பாத்து, "சிரிக்காதிய, சிரிக்காதிய"ங்காரு. தொரை படப்பெட்டியைக் கண்ணுல வச்சாரு.

அப்பத்தான் எப்சிபா வந்தாளாம். அரக்குச் சேலை, படிய வாரின கொண்டை, கழுவுன முகம். ஒரு கையில பதனிக் கலயம், ஒரு கையில ஓலைக் கொட்டான். கொட்டான்னா, ஓலையில முடைஞ்ச குட்டிப் பெட்டி. உள்ள அவ ஊத்துன கருப்பட்டி. தெர்சா பின்னாலயே, சட்டை போட்டு, ரிப்பன் வச்சு வருது.

தொரை படப்பெட்டியை இறக்கிட்டாரு. "இந்தம்மா யாரு? இவுகளுக்கு உதவி வேண்டாமா?"

இங்கிலீசுல கேட்டதைத் தமிழ்ல சொல்லும்போதே உபதேசியாருக்கு வேர்த்துப் போச்சு. அவரு பதில் சொல்லுமுன்னே எப்சிபாவே சொன்னாளாம். "வேணும்னு சொல்லுங்க ஐயா. இந்த ஊர்லயே எனக்குத்தான் கிணறு ரொம்ப வேணும். ஆனா கேக்கதுக்கு முன்னாடி, வெயில்ல வந்தவருக்கு ஒரு வாய் குடுக்கணும்லா?"

ஓலைப்பட்டையை மடிச்சுத் தொரை கையில குடுத்துப் பதனியை ஊத்துனாளாம். அவருக்குப் பட்டையில குடிச்சுப் பழக்கமில்ல. பாதி வாயில, பாதி சட்டையில. பிள்ளைய எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுட்டுது. தொரையும் சிரிச்சாராம். இன்னும் கொஞ்சம்னு பட்டையை நீட்டுனாராம்.

அப்புறம் அவ கொட்டானை நீட்டுனா. "உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மா மட்டும்."

"அப்ப இது அவுகளுக்கு."

தொரை கையை எடுத்துட்டாராம். "இல்லம்மா, நாங்க குடுக்கத்தான் வந்தோம். வாங்க வரல."

எப்சிபா கையை இறக்கல. "எங்கிட்ட வாங்க மாட்டாதவர்ட்ட நான் எப்படி வாங்குவேன்? கேட்டுச் சொல்லுங்க ஐயா."

உபதேசியார் மென்னு முழுங்கி அதை இங்கிலீசுல சொன்னாராம். தொரை படப்பெட்டியைத் தோளுல மாட்டுனாராம். அப்புறம் ரெண்டு கையாலயும் கொட்டானை வாங்கி ஜீப்புல வச்சுட்டு, எப்சிபாவையும் தெர்சாவையும் ஒரே ஒரு படம் பிடிச்சுட்டு, வண்டியேறிப் போயிட்டாராம். வேற யாரையும் பிடிக்கல.

புழுதி அடங்கல, ஊரு அவளைப் பிடிச்சுக்கிட்டுது. "கெடுத்துட்டியே பிள்ளா!"ன்னு உபதேசியார் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. ரூத்தம்மா விடுவாளா? "எங்க வீட்டுச் சட்டையும் போச்சு, கிணறும் போச்சு. இந்தா போறா பாரு, சேலைக்காரி!"

ஒரு மாசம் ஆச்சு. சீமையில இருந்து ஒரு சேதி, ஒரு தாக்கல் இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு. தாக்கல் இல்ல. தண்ணிக்குப் போற வழியில ஒருத்தரும் எப்சிபாகூடப் பேசலையாம். ஒருநாள் தேரிக்கு நடுவுல தெர்சா இலையைத் தவற விட்டுட்டுது. காத்து தூக்கிட்டுப் போச்சு. பிள்ளை ஒத்தக்காலை மாத்தி மாத்தி வச்சு அழுதுது. எப்சிபா தன் இலையைப் பிள்ளை காலுக்குக் கீழ போட்டுட்டு, தான் வெறும் மணல்ல நின்னாளாம். நின்னுக்கிட்டே நினைச்சாளாம்: 'ஆண்டவரே, நான் காட்டுனது அன்பா, இல்ல வீம்பா? என் மானத்துக்கு என் பிள்ளை கால் பொசுங்கணுமா?' குடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தா.

மூணாம் மாசம், பதனிக் காலம் முடியுற சமயம், ஒரு ஞாயித்துக்கிழமை. உபதேசியார் கையில ஒரு கடுதாசியோட கோயிலுக்குள்ள வந்தாராம். தொரையோட அம்மா எழுதுன கடுதாசி. அவரு தமிழ்ப்படுத்தி வாசிச்சாராம்:

"அன்புள்ள எப்சிபாவுக்கு. நீ குடுத்து விட்டது கிடைச்சுது. கருப்பா, அரை வட்டமா இருந்ததால அதைச் சோப்புன்னு நினைச்சிட்டேன். ஒரு வாரம் கை கழுவினேன். கை பிசுபிசுன்னு ஒட்டுது, எறும்பு வேற வருது. இந்தியாக்காரங்க எப்படித்தான் இதைத் தேய்ச்சுக் குளிக்காங்களோன்னு..."

அதுக்குமேல வாசிக்க முடியலையாம். கோயிலே சிரிச்சுதாம். ரூத்தம்மா பெஞ்சியில அடிச்சு அடிச்சுச் சிரிச்சாளாம். உபதேசியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேல வாசிச்சாராம்.

"ஒருநாள் விரலை நாக்குல வச்சுப் பாத்தேன். அன்னையில இருந்து என் தேத்தண்ணிக்கு அதுதான். முப்பது வருசமா எங்க கோயில்ல இருந்து துணியும் மாவும் பெட்டி பெட்டியா அனுப்புதோம். ஒரு ஊர்ல இருந்தும் எங்களுக்கு யாரும் ஒண்ணும் குடுத்து விட்டதில்ல. குடுக்க அவங்ககிட்ட ஒண்ணும் இருக்காதுன்னு நாங்களே முடிவு பண்ணியிருந்தோம். உன் கருப்பட்டியை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போய் ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தேன். உன் படத்தையும் காட்டினேன். இது யாருன்னு கேட்டாங்க. என் மகள்னு சொன்னேன். என் மகள் உப்புத்தண்ணி குடிக்கான்னும் சொன்னேன். கிணறு வெட்டக் காசு சேந்திருக்கு. எங்க வெட்டணும்னு இங்க இருக்கவங்களுக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

உபதேசியார், "எங்க வெட்டலாம் எப்சிபா?"ன்னு கேட்டாராம். ஊருக்கு முன்னால அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெக்கம் வந்துட்டுது. தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "நம்ம தெருவுக்கும் அம்மன்கோயில் தெருவுக்கும் நடுவுல வெட்டுங்க. அவுக பிள்ளையளுக்கும் கால் சுடத்தான செய்யும்"னாளாம். அந்தத் தெருக்காரவுக நம்ம கோயிலுக்கு வாரவுக இல்ல, பாத்துக்கிடுங்க.

அந்தக் கிணறுதான் இது. எழுபதடியில தண்ணி கண்டுது. முதல் வாளி இறைச்சதும் எப்சிபா குடிக்கலையாம். தெர்சாவை உக்கார வச்சு, அந்தப் பிள்ளை உள்ளங்காலுல ஊத்துனாளாம்.

அடுத்த வருசம் பதனிக் காலம் தொடங்கி முதல் ஞாயிறு, ரூத்தம்மாதான் முதல் ஆளா ஒரு கொட்டானோட வந்து நின்னாளாம். "சோப்புக்காரப் பாட்டிக்கு அனுப்புங்க"ன்னாளாம். பின்னாலயே ஊரு வந்துது. அம்மன்கோயில் தெருவும் வந்துது. அந்தப் பாட்டி இருந்தவரை அங்க போச்சு. அதுக்கப்புறம், நம்மள விட முடையில கிடக்குற ஊரு எதுவோ, அங்க. வெள்ளம் வந்த ஊருக்குப் போயிருக்கு, மலை சரிஞ்ச ஊருக்குப் போயிருக்கு, பேரு வாயில நுழையாத தேசத்துக்கும் போயிருக்கு.

அதனாலதான் பிள்ளையளா, இன்னைக்கும் முதல் கருப்பட்டியை நாம வாயில வைக்கதில்ல. அதனாலதான் கொட்டான் ஞாயிறுக்கு எல்லாரும் இருக்கதுல நல்ல துணி உடுத்தி, எண்ணெய் தேய்ச்சு வாரோம். அனுப்புற ஒவ்வொரு கொட்டானுக்குள்ளயும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கோம்லா, அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டியே பிள்ள, இதுதான் எழுதியிருக்கு: "இது சோப்பு இல்ல. தின்னு பாருங்க."