ரெக்கைக்காரன், அஞ்சாம் பாகம்

போன் லைட்டை அணைங்கடி. கம்பெனி பஸ்ஸு கெளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்னு டிரைவரே சொல்லிட்டாரு. முத்துமாரி, ஜன்னலைச் சாத்து. எல்லாரும் கிட்ட வாங்க... ஜோதி இன்னிக்கு பஸ்ல இல்ல, அதனாலதான் சொல்றேன். அவ வீட்டுக்காரரு ஜான்சனுக்கு நடந்தது இது. தையல் மிஷின்ல எம் பக்கத்துல உக்காந்து அவளே சொன்னா. பொய்னு தோணுனா அவளைக் கேளுங்க, என்னை நோண்டாதீங்க.

ராத்திரி இல்ல. பேய்க்கு டூட்டி ராத்திரிதான்னு யாரு சொன்னது? ஞாயித்துக்கெழம, மத்தியானம் ரெண்டரை மணி. ஆம்பூர் தாண்டி பாலாத்தங்கரையோரமா ஒரு மண்ணு ரோடு. ஈ காக்கா இல்ல. ஒரே ஒரு பைக்கு. ஓட்டுறது ஜான்சன். பின்னால அவரு தம்பி தானியேல். தானியேல் முதுகுல ரெண்டு ரெக்கை... காத்துல பட்டு பட்டுனு அடிச்சிக்குது.

சிரிக்காதடி அம்பிகா. படம் எடுக்கப் போறாங்க.

யூடியூப்ல 'ரெக்கைக்காரன்'னு ஒரு பேய்ப் படம் எடுத்தாங்க இல்ல? நாலு பாகம் வந்துச்சே, அதான். வானத்துலேர்ந்து ஒரு தூதன் வந்து ஒவ்வொருத்தரா கூட்டிக்கினு போவான். தூதனா நடிச்சது தானியேல்தான். ஜான்சனுக்கு சினிமா ஆசையெல்லாம் ஒண்ணும் கெடையாது. தம்பி குடிகாரன். ஞாயித்துக்கெழம ஆனா கடையிலதான் கெடப்பான். ஒருவாட்டி அவங்கம்மா சம்பூர்ணத்தைத் தள்ளிவுட்டு, பாவம், அதுக்குக் கை ஒடஞ்சு மாவுக்கட்டு போட்டாங்க. அதுலேர்ந்து ராத்திரி கதவு தட்டுற சத்தம் கேட்டாலே அந்தம்மா எழுந்து போயி சாமான் ரூம்ல ஒளிஞ்சிக்கும். ஷூட்டிங் இருக்குற ஞாயித்துக்கெழம மட்டும் தானியேல் குடிக்க மாட்டான். அதுக்காகவே இந்த மனுசன் படம் படமா எடுத்தாரு.

அப்புறம் தானியேலே சொல்லிட்டான். "முடிச்சிக்கலாம்ணா. ரெக்கை மாட்டி மாட்டி பேஜாரா கீது." அதான் அஞ்சாம் பாகம், கடைசி பாகம். இது முடிஞ்சா தம்பிய எதை வெச்சுப் புடிச்சு நிறுத்துறதுன்னு ஜான்சனுக்கு மூணு நாளா தூக்கம் இல்லையாம்.

அந்தப் பாகத்தோட கதை இதான். தூதன் ரெக்கையக் கழட்டிப் போட்டுட்டு மனுசனா ஊருக்குள்ள வந்துடுறான்.

கடைசி பாகமாச்சேன்னு அட்டை ரெக்கைய வுட்டுட்டு ஷூவுக்கு உள்ள வெச்சுத் தைக்கிற வெள்ளை லைனிங் தோல்ல செஞ்சாங்க. தானியேல் ஷூ கம்பெனில கட்டிங் செக்ஷன்தானே, அவனே வெட்டுனான். முந்தின நாள் போதை எறங்கல போல. பேட்டர்ன் அட்டையைத் திருப்பிப் போடாம ரெண்டு வாட்டியும் அப்டியே வெச்சு வெட்டிட்டான். ரெண்டும் லெப்ட்டு. ஜான்சன் பேக்கிங் ஆளு, ஒரு நாளைக்கு எத்தினி ஜோடி ஷூ அவரு கையில போவுது! ஷூட்டிங் எடத்துல எறங்கி ரெக்கையத் தொட்டதும் கண்டுபுடிச்சிட்டாரு.

நமக்கெல்லாம் தெரியும். ஒரு டப்பால ரெண்டு லெப்ட்டு இருந்தா இன்னா அர்த்தம்? இன்னொரு டப்பால ரெண்டு ரைட்டு இருக்கு. தேடணும். தேடாம லோடு ஏத்த வுட மாட்டாங்க. அது அவரு மனசுல சுருக்குனு பட்டுச்சாம். "வுடுண்ணா, வீடியோல யாருக்குத் தெரியப் போவுது"ன்னான் தானியேல். சரின்னுட்டாரு.

அவங்க போன எடம், ரொம்ப வருசமா மூடிக் கெடக்குற தோல் பதனிடுற டேனரி. மாடி பூரா தோல் காயப் போடுற இடம்... மரச் சட்டம் சட்டமா, ஒரே இருட்டு. தோல் வந்தே வருசக் கணக்காச்சு. ஆனா அன்னிக்குப் பச்சைத் தோல் வாடை... அப்பத்தான் உரிச்சுப் போட்ட மாதிரி. ஜான்சன் கீழ படிக்கட்டுகிட்ட போனைப் புடிச்சிக்கினு நிக்குறாரு. தானியேல் மேல ஏறிட்டான். இருட்டுல ஆள் தெரியல.

"ரெடி"ன்னாரு.

சளப்.

ஒரு ரெக்கை வுழுந்துச்சு. சளப்... ரெண்டாவது. சரிதான். காலடிச் சத்தம் வருது, படியில எறங்குது. தானியேல் ரெக்கைய வாரிக் கையில எடுத்துக்கினு மெதுவா எறங்கி வெளிச்சத்துக்கு வர்றான். மொகத்துல ஒரு சிரிப்பு. ஷாட்டு பிரமாதம்.

அப்போ மேல...

சளப்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

சளப்.

தானியேல் திரும்பிக்கூடப் பாக்கல. "போலாம்ணா, அம்மா சாப்புடாம ஒக்காந்திருக்கும்"ன்னான். அவன் வாயிலேர்ந்து அம்மாங்கிற வார்த்தை வந்து ரெண்டு வருசம் ஆச்சாம். ஜான்சன் ரெக்கைய வாங்குனாரு. வேலைப் பழக்கம்... கை தானாவே தடவிப் பாத்துச்சு.

ஒண்ணு லெப்ட்டு. ஒண்ணு ரைட்டு. ஜோடி சரியா இருந்துச்சு.

மேல ஏறிப் பாத்திருக்கணும். பாக்கல. பயம்டி, யாரா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பாங்க. தம்பிய பின்னால உக்கார வெச்சிக்கினு பைக்கை ஒரே முறுக்கு. வீட்டுக்கு வந்தப்புறம்தான், "போனை மேலயே வுட்டுட்டேன்ணா"ன்னு சொன்னான். மறுநாள் காலையில ஜான்சன், தோஸ்த்து நாலு பேரைச் சேத்துக்கினு போய்த் தேடுனாரு. போனும் இல்ல... எதுவும் இல்ல.

இப்போ தானியேல் குடிக்கிறதே இல்ல. வேலைக்கு டைமுக்குப் போறான், டைமுக்கு வர்றான். அம்மாவுக்குத் தண்ணி புடிச்சுக் குடுக்குறான், ராவுல ஒடஞ்ச கையில எண்ணெ தேச்சு வுடுறான். தெருவே ஆச்சரியப்படுது. ஜெபம் பலிச்சிடுச்சுன்னு சம்பூர்ணம்மா சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொல்லுச்சு. ஜோதி மட்டும் ஒண்ணு சொன்னா. பக்கத்துல வந்தா பச்சைத் தோல் வாடை... எத்தினி சோப்பு போட்டாலும் போவல.

அந்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயித்துக்கெழம, ரெண்டரை மணிக்கு ஜான்சன் போன் அடிச்சுது. தானியேல் நம்பரு.

எடுத்தாரு.

"அண்ணா... எங்க வுட்டுட்டுப் போய்ட்ட? படி எங்க கீதுன்னே தெரியல. இருட்டா கீதுண்ணா..."

தானியேல் எதுர்லதான் உக்காந்து சாப்புட்டுக்கினு இருக்கான். ஜான்சன் அன்னிக்கே பைக்கை எடுத்துக்கினு ஓடுனாரு. டேனரி பூரா கத்திக் கூப்புட்டாரு. யாரும் இல்ல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம தவறாம அடிக்கும். அவரும் தவறாம ஓடுவாரு. வெறுங்கையோட வருவாரு. மனுசன் பாதியா எளச்சிட்டாரு.

போன வாரம் அவரு குளிக்கப் போயிருந்தாரு. போன் கூடத்துல அடிச்சுது. சம்பூர்ணம்மா எடுத்துடுச்சு. ஜோதி சமையல் ரூம் வாசல்ல நின்னு பாத்துக்கினே இருக்கா. போன்லேர்ந்து சத்தம் நல்லாவே கேக்குது.

"அம்மா... நான் தானியேலும்மா... யாரையாவது அனுப்பும்மா... இனிமே குடிக்க மாட்டம்மா..."

அந்தம்மா ரொம்ப நேரம் கேட்டுச்சாம். எதுர்ல சாப்புடுறவனைப் பாத்துச்சு. அவனும் நிமிந்து பாத்தான்.

சம்பூர்ணம்மா போனை ஆஃப் பண்ணி முந்தானையில முடிஞ்சிக்கிச்சு. அப்புறம் கொழம்புச் சட்டிய எடுத்துக்கினு அவன் பக்கத்துல போய் உக்காந்துச்சு.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாப்பா?"