திரைக்குள் இருந்த பிள்ளைக்கு முட்டை இல்லை

மூன்று வள்ளம். ஒரு ஐஸ் ஆலை. ஒரு கோழிப்பண்ணை. கடலைப் பார்த்த மாடி வீடு. எல்லாம் நான் கட்டினது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒருத்தனும் கை தரவில்லை. தந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சத்தம் காதுக்குள் வந்தால் இதொன்றும் இல்லை. எனக்குப் பதினாறு வயது. ஓடுகிறேன். தோளில் தங்கச்சி பவளம்.

முதலில் ‘டுப்’. தூரத்தில். பிறகு சீழ்க்கை. பிறகு ஓடு நொறுங்குகிற சத்தம்.

"குனியுங்கோ! சுவரோட படுங்கோ!"

யார் அடித்தது என்று ஷெல்லில் எழுதி வரவில்லை. பவளத்துக்குப் பதின்மூன்று வயது. பாரமே இல்லை. நெத்தலிக் கூடை அவளைவிடப் பாரம்.

ஏன் பாரமில்லை? அதைச் சொல்லத்தான் வந்தனான்.

திரியாயிலிருந்து ஓடி வந்து திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். அகதி முகாம். வந்த கிழமையே பவளம் பெரியபிள்ளையானாள். அதே கிழமை ஒரு புடவைக்கடை முதலாளியின் மகளும். ஒரே கூரை. இரண்டு மூலை. இரண்டு சேலைத் திரை.

முதலாளி வீட்டுத் திரைக்குள் பச்சை முட்டை போகும். நல்லெண்ணெய் போகும். உளுத்தங்களி மணக்கும். எங்கள் திரைக்குள் வெறுந்தேத்தண்ணி.

சாப்பாடு கொடுக்கிறவர் வரிசையில் நிற்கிற தலையை எண்ணித்தான் கொடுப்பார். திரைக்குள் இருக்கிற பிள்ளை வரிசைக்கு வர ஏலாது. அம்மா வாய் திறக்கவில்லை. பிள்ளை பெரிசான கதையை ஒரு ஆம்பிளையிட்டச் சொல்லுறதோ? தன் பங்கில் பாதியைக் கொடுத்தா. மானமாம். மானத்தை அவித்துத் தின்ன ஏலுமோ?

நான் விடியக் கடற்கரைக்குப் போய் வலை இழுத்தேன். கூலிக்கு மீன். பொரித்துக் கொண்டு வந்தால் பக்கத்துப் பாயில் இருந்த மாமி மறித்தா.

"தம்பி, சடங்குத் தண்ணி வார்க்காத பிள்ளைக்கு மீன் மச்சம் ஆகாது. அங்கால கொண்டு போ."

"அப்ப முட்டை தாங்கோ மாமி."

"என்னட்ட என்ன, கோழிக்கூடோ இருக்கு?"

மண்டபமே சிரித்தது. இன்றைக்கு என் பண்ணையை வந்து பார்க்கட்டும், சிரித்தவர்கள்.

தண்ணி வார்க்கத் தாய்மாமன் வேண்டும். முதலாளியின் மைத்துனர் பாதை கடக்கிற பாஸ் எடுத்து வான் வண்டியில் வந்து இறங்கினார். அந்தப் பிள்ளை குளித்து வெளியே வந்தது. எங்கள் மாமன் தம்பலகாமத்தில். வயல் செய்கிற மனுசன். பாதை பூட்டு. பாஸ் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பவளம் கிழமைக்கணக்காகத் திரைக்குள்ளேயே இருந்தாள். மீனும் இல்லை. முட்டையும் இல்லை. வரிசையும் இல்லை.

பிறகு ஷெல்.

முதலாளியின் மகள் எங்களைக் கடந்து ஓடுகிறாள். பவளம் எழும்புகிறாள். முழங்கால் மடிகிறது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. டாக்டர் கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்தார். ரத்தமில்லாத பிள்ளை என்றார். பொழுதுபட முதல் பவளத்தின் மூச்சு நின்றது.

போன மாதம் அதே மண்டபத்தில் ஊட்டச்சத்துக் கூட்டம். வளர்கிற பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடாததற்குப் பெற்றோரின் அறியாமைதான் காரணமாம். கழுத்துப்பட்டி கட்டின ஒருத்தர் மைக்கில் சொன்னார். அவருக்கு முன்னால் ஒரு தட்டுப் பற்றீஸ். நான் எழும்பினேன்.

"தம்பி, முட்டை நல்லதெண்டு தெரியாத தாய் ஒருத்தியைக் காட்டுங்கோ பாப்பம்."

"கேள்வியெல்லாம் கடைசியில, ஐயா."

கடைசியில் தேத்தண்ணிதான் வந்தது.

இந்தப் பள்ளிக்கூடத்துப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறவன் நான். பெரியபிள்ளையாகி வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ரீச்சர் கையால் வீட்டுக்கே போகும். மாமன் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. சுவர்ப் பலகையில் எழுதியிருப்பது ‘நலன்விரும்பிகள் உதவி’. யார் அந்த நலன்விரும்பிகள்? அன்றைக்கு ஒருத்தரையும் காணவில்லை.

இழந்த கணக்கு இது. திரியாயில் ஒரு வீடு. இரண்டு மாடு. அம்மாவின் பேச்சு, அது அன்றோடு நின்றது. ஒரு தங்கச்சி. ஷெல்லில் செத்தவர்களோடு அவளைச் சேர்க்கவில்லை. காயமில்லையாம். சாப்பாட்டு வரிசையிலும் எண்ணவில்லை, சாவிலும் எண்ணவில்லை.

பலகையை மாற்றுங்கோ. பெரிய எழுத்தில் என் பெயரைப் போடுங்கோ. நாகராசா, பவளத்தின் அண்ணன்.