திரும்பி வராத மனுக்கள்

எனக்குத் தேத்தண்ணீர் வேண்டாம் ஐயா. வெறும் வயிற்றில் பேசினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன், நீங்கள் விடவில்லை. உங்கள் பொலிஸ்காரர் எழுதுகிற லட்சணத்தைப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

பெயர் அழகையா. பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு எதிரே மேசை போட்டுப் பத்தொன்பது வருஷமாகப் பெட்டிசன் எழுதுகிறேன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன்தான், மறைக்கவில்லை. ஆனால் கடிதம் எழுதத் தெரிந்தவன். ஒரு கடிதத்துக்கு ஒரே விஷயம். அது முதல் வரியிலேயே இருக்கவேண்டும். வாசிக்கிற அதிகாரியின் நேரத்தைத் தின்னக்கூடாது. அழுகையோ, ஒரு பக்கத்துக்கு மேலோ கூடவே கூடாது. எங்கள் சனத்துக்கு இது மண்டையில் ஏறாது. வழியைக் கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற சனம். லீவு கேட்க வந்தவன் பசு கன்று போட்டதிலிருந்து ஆரம்பிப்பான்.

அறுபத்தொன்பதில்தான் மனு எழுதச்சொல்லி என் மேசையைச் சுற்றி அவ்வளவு கூட்டம். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம். இந்தியா போகிறவன் அதற்கு மனுப்போட வேண்டும், இங்கேயே இருக்கிறவன் இதற்கு. இராசையாவும் அவன் பெண்சாதி இராக்கம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து நின்றார்கள்.

"நாங்க இங்கயே இருக்கணும்னு எழுதுங்க பெட்டிசன் ஐயா" என்றான் இராசையா.

"எம் புள்ளய பத்தாம் நம்பர் மலையில பொதச்சிருக்கேங்க" என்றாள் அவள். "அது இங்க கெடக்கறப்ப நா எந்தச் சீமைக்குப் போவேன்?"

இதை ஒரு மனுவில் எந்தப் பத்தியில் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தோட்டத்துப் பதிவில் வேறு பெயர். தகப்பன் வந்த வருஷத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். இலங்கைக்கென்று எழுதினால் விளக்கமே பத்துப் பக்கம் போகும், போனதும் கேள்வியோடு திரும்பி வரும். என் கையால் போன மனு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை ஐயா. கச்சேரிக்கு முன்னால் நாலு பேர் மேசை போட்டிருக்கிறோம். அப்படிச் சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான்.

ஆகவே இந்தியா என்று எழுதினேன். ஒரே பக்கம், சுத்தமாக வந்தது.

கைநாட்டு வாங்குமுன் எழுதியதை வாசித்துக் காட்டுவது எங்கள் தொழிலின் வழக்கம். அதையும் நான் மீறவில்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அவர்கள் சொன்னதை, அவர்கள் சொன்னபடியே; பத்தாம் நம்பர் மலை, அந்தக் குழி, ஒன்று விடாமல். தாளில் அதில் ஒரு சொல்கூட இல்லை. இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க மனசுல இருக்கறத அப்படியே எழுதிப்புட்டீங்க சாமி" என்று கும்பிட்டாள். இரண்டு பேரும் கட்டைவிரலை நீட்டினார்கள்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: அவர்கள் மட்டுமில்லை. தாள்கள் ஒழுங்கில்லாத குடும்பம் எல்லாவற்றுக்கும் அதையே செய்தேன். மொத்தம் முப்பத்தேழு. அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

என்னுடைய மனுவா? இலங்கைக்குத்தான் போட்டேன். பதினாலு பக்கம் வந்தது. என் தாள்களும் கொஞ்சம் சிக்கல், விளக்கவேண்டியிருந்தது. அது வேறு சங்கதி.

நாலு வருஷம் கழித்துப் போகச்சொல்லிக் கடுதாசி வந்ததும் இராசையா என்னிடம்தான் ஓடிவந்தான். "நாம இங்கனதான கேட்டோம்?" என்று கடுதாசியை நீட்டினான். "அரசாங்கம் முடிவு பண்ணிருச்சு" என்றேன். மூன்றே சொல். கெட்ட சேதியை அப்படித்தான் சொல்லவேண்டும். நம்பினான், பாவி. ஹாலிஎல ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சனம் மார்பில் அடித்து அழுததாம். நான் போகவில்லை. அந்த மாதிரிச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்காது.

இப்போது இராக்கம்மாவின் தம்பி கணபதி எங்கேயோ மனுவின் நகலைக் கண்டுபிடித்து உங்களிடம் வந்திருக்கிறான். அவன் முறைப்பாட்டைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கே வருகிறான். இருந்தாலும் அவன் சொல்வது உண்மை. தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மேசை லாச்சியில் நீங்கள் எடுத்த கடிதம் இந்தியாவில் கூடலூரிலிருந்து இராக்கம்மா போட்டது. யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறாள்; அந்த மடையன் அவள் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறான். 'சாமி, நல்லா இருக்கீங்களா' என்று ஆரம்பம். விஷயம் முதல் வரியில் இல்லாத கடிதத்தை நான் வாசிப்பதில்லை, மடித்து வைத்துவிட்டேன். பிறகு, பத்தாம் நம்பர் மலைக்குப் போய் அந்தப் பிள்ளையின் குழியில் ஒரு செவ்வந்திச் செடி வைத்துவிட்டு வரும்படி ஒன்பதாம் பக்கத்தில் கேட்டிருக்கிறாளே, அதற்கெல்லாம் எனக்கு எங்கே ஐயா நேரம்?